மருத்துவ மாதரசி முத்துலட்சுமி அம்மையார்

முன்னுரை

உலகிற் பிறந்தார் யாவரும் ஒருநாள் மறைவர். அவருள் பலருடைய பெயர் அவர் உடலோடு மறையும். சிலருடைய பெயர் மட்டும் அவர் செய்துவைத்த நற்பணிகளிலே தங்கி, அவரைக் கண்டறியாத பிற்காலத்தார்க்கும் பயன் தந்து நிற்கும். அத்தகைய சிலருள் ஒருவர், புதுக்கோட்டையிற் பிறந்து தமிழகம் முழுவதற்கும் உரியராய் விளங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. எனினும், அடையாற்றில் அவர் நிறுவிய புற்றுநோய் நிலையத்தின் வாயிலில் இன்றும் நாள்தோறும் நோயாளர் வந்து நிற்கின்றனர். அவர் தொடங்கிய ஔவை இல்லத்தில் இன்றும் ஆதரவற்ற சிறுமியர் கல்வி பயில்கின்றனர்.

கிறிஸ்தவக் கலாசாலை மாணாக்கராகிய நாம், நம் சபையைச் சாராத ஓர் அம்மையாரின் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்தது ஏன் என்று சிலர் வினவலாம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு இரங்கியவன் ஆசாரியனுமல்லன், லேவியனுமல்லன், அயலானாகிய சமாரியனே என்று நம் ஆண்டவர் அருளிய உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகின்றோம். அவ்வுவமையின் பொருளை வாழ்ந்து காட்டியவர் எவராயினும், அவர் நமக்கு அயலாரல்லர். ஆதலின் இவ்வம்மையாரின் வாழ்க்கையை ஈண்டு எம்மால் இயன்ற அளவு சுருக்கி உரைப்பாம்.

பிறப்பும் குடியும்

முத்துலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். அந்நாளிற் புதுக்கோட்டை தொண்டைமான் மன்னரின் ஆட்சிக்குட்பட்ட தனிச் சமஸ்தானமாக இருந்தது. அது இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது 1948-இல். தனி மாவட்டமாக அமைந்தது 1974-இல். அம்மையார் பிறந்த 1886-ஆம் ஆண்டிலேதான் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அரசுக்கட்டில் ஏறினார். இவ்விருவர் வாழ்வும் பின்னர் ஒருமுறை சந்திக்க இருந்தன என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

தந்தையார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கலாசாலையின் தலைவராக விளங்கிய கல்விமான். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபினர். கோயிற்பணிக்கென்று பெண்களைப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கம் நிலவிய குடியிலே தோன்றியவர். இத்திருமணத்தால் தந்தையாரைச் சுற்றத்தார் விலக்கி வைத்தனர். உறவினர் இருபுறமும் இருந்தும், உரிமையோடு சென்று அமரத்தக்க பந்தி எப்புறத்தும் இல்லாத இல்லமாக அஃது இருந்தது. மூத்த மகளாகிய முத்துலட்சுமி இவ்விலக்கின் வெம்மையை இளமையிலேயே உணர்ந்தார். பிற்காலத்தில் எந்தக் கூட்டத்தாலும் ஏற்றுக்கொள்ளப்படாத பெண்களுக்கு அவர் தம் வீட்டு வாயிலைத் திறந்துவைத்ததற்கு வித்து இங்கே ஊன்றப்பட்டது என்று கருதுதல் பொருந்தும்.

அக்காலத்திற் பெண்மக்கட்குக் கல்வி எழுத்தறிவோடு நின்றுவிடும். பதின்மூன்று வயது நிரம்பியதும் இவரும் பள்ளிக்குச் செல்வது நின்றது. ஆயினும் கற்பது நின்றிலது. தந்தையாரும் ஆசிரியரும் வீட்டிலேயே பாடஞ் சொல்ல, இவர் தனித்தேர்வாளராக மெட்ரிக்குலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். வயதுவந்த மகளுக்கு மணமுடிக்க வேண்டுமென்று தாயார் கவலையுற்றார்; மகளோ மேலும் கற்கவேண்டுமென்று உறுதி பூண்டார். அன்பு நிறைந்த இல்லத்தில் அவ்விரண்டு விருப்பங்களும் எதிரெதிர் நின்றது சிறு துன்பமன்று.

கலாசாலை வாயில்

புதுக்கோட்டையில் உயர்கல்வி பயில இருந்த இடம் மகாராஜா கலாசாலை ஒன்றே. இன்று மன்னர் கல்லூரி என வழங்குவதும் அதுவே. அங்கு அதுகாறும் ஆடவரே பயின்றனர். 1904-ஆம் ஆண்டில் முத்துலட்சுமி தமக்கும் இடம் வேண்டுமென்று விண்ணப்பித்தபோது ஊரில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. வயதுவந்த பெண்ணொருத்தி வகுப்பில் வந்து அமர்ந்தால் ஆண்மக்களின் ஒழுக்கம் கெடும் என்று கலாசாலையை நடத்தியோரும் அஞ்சினர். தம் மைந்தரை நிறுத்திவிடுவோம் என்று பெற்றோர் சிலரும் மிரட்டினர். பெண்ணின் பிறப்பையும் சிலர் எடுத்துப் பேசினர்.

இவ்வழக்கு மன்னரின் செவிக்கு எட்டியது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் பிறநாடுகளையும் கண்டறிந்த பரந்த நோக்கினர். அவர் எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாது இடம் அளிக்குமாறு கட்டளையிட்டதோடு, உபகாரச் சம்பளமும் அளித்தார். இவ்வாறு அக்கலாசாலையின் முதல் மாணவியானார் அம்மையார். இன்று கலாசாலைகளில் மாணவியர் தொகை மாணவர் தொகையை ஒத்தும் விஞ்சியும் இருப்பதைக் காணும் நாம், ஒரே ஒரு பெண் வகுப்பினுள் நுழைவதற்கு ஓர் அரசனின் ஆணை வேண்டியிருந்தது என்பதை மறத்தலாகாது.

மருத்துவக் கல்வி

இடைநிலைப் படிப்பு முடிந்தபின், 1907-ஆம் ஆண்டில் அம்மையார் சென்னை மருத்துவக் கலாசாலையிற் சேர்ந்தார். அக்கலாசாலை பெண்களுக்கு முன்னரே கதவு திறந்திருந்தது. 1875-இல் மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாதும் வேறு மூவரும் அங்குச் சேர்ந்து பயின்றனர். அந்த ஷார்லீப் அம்மையாரின் முயற்சியாலேயே சென்னையில் கோஷா மகளிர்க்குரிய ஆஸ்பத்திரி 1885-இல் தோன்றிற்று. கிறிஸ்தவப் பெண்மணியும் எழுத்தாளருமாகிய கிருபாபாய் அம்மையாரும் 1878-இல் அங்குச் சேர்ந்து, உடல்நலம் குன்றியதால் இடையில் நிறுத்தினார். ஆயினும், முத்துலட்சுமி அம்மையார் சேர்ந்த நாளில், நம் நாட்டுப் பெண்ணொருத்தி ஆடவரோடு சரிநிகராக எம்.பி.ஸி.எம். பட்டத்துக்குப் பயில்வது மிக அருமையாகவே இருந்தது.

பெண் மருத்துவர் இன்மையால் நேர்ந்த கேட்டை ஈண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆண் மருத்துவர் முன் வர நாணிய மகளிர், நோயை மறைத்து மறைத்து வீட்டினுள்ளேயே மாண்டனர். பிரசவத்தில் இடர்ப்பட்ட தாய்மார், பயிற்சியில்லா மருத்துவச்சியின் கையிலே உயிர் விட்டனர். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டு மருத்துவத் தொண்டைத் தொடங்கியதும், 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி கண்டதும் இக்கேட்டைக் களையவே. வெவ்வேறு நெறியினராயினும், இவ்விரு மாதரசிகளும் ஒரே காலத்தில் ஒரே துன்பத்தைக் கண்டு இரங்கியவர் ஆவர்.

1912-ஆம் ஆண்டில் அம்மையார் பரிசில்களும் பொற்பதக்கங்களும் பெற்றுப் பட்டம் அடைந்தார். தென்னாட்டில் அப்பட்டம் எய்திய முதற் பெண்மணியருள் இவரும் ஒருவர். பின்னர்ச் சென்னை அரசினர் பிரசவ ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக அமர்ந்தார். அப்பதவியைப் பெற்ற முதற் பெண்மணி இவரே.

இல்லறம்

1914-ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டியாரை அம்மையார் மணந்தார். இருவர் சாதியும் வேறு. மணத்திற்கு முன் அம்மையார் ஒரு நிபந்தனை விதித்தார். தம்மைச் சரிநிகரான துணையாக மதிக்க வேண்டும், தம் விருப்பத்துக்கும் தொண்டுக்கும் குறுக்கே நிற்றலாகாது என்பதே அஃது. ரெட்டியார் அதனை மனமுவந்து ஏற்றார். ஏற்றதோடு அமையாது, வாழ்நாள் முழுதும் காத்தார். ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்னும் இரு புதல்வர் பிறந்தனர். இரண்டாம் புதல்வரை நாம் இவ்வரலாற்றின் பிற்பகுதியில் மீண்டும் காண்போம்.

தங்கையின் மறைவு

அம்மையாரின் வாழ்க்கையை ஒரு புதிய வழியில் திருப்பியது ஒரு துயரம். அவருடைய தங்கை ஒருவர் இளம் வயதிலேயே நோயுற்றார். சீதபேதி என்று எண்ணி மருத்துவம் செய்யப்பட்டது. உண்மையில் அது குடலின் அடிப்பகுதியிற் புகுந்த புற்றுநோய் என்று தெரிந்தபோது, காலம் கடந்திருந்தது. பட்டம் பெற்ற மருத்துவராகிய தமக்கை, தங்கை நாளுக்கு நாள் நைந்து உயிர் விடுவதை அருகிருந்து பார்த்தார்.

தமக்குக் கற்பிக்கப்பட்ட கலை இந்நோயின் முன் ஒன்றும் செய்ய இயலாது கைகட்டி நிற்பதை அவர் கண்டார். நோயைத் தொடக்கத்திலேயே அறிய வழியில்லை. அறிந்தாலும் மருத்துவம் செய்யத் தனி இடமில்லை. இடமிருந்தாலும் அக்கலையில் தேர்ந்தவர் இல்லை. துன்பம் வந்துழி அழுது தேறுவோர் பலர். அம்மையார் அழுததோடு அமையாது, அம்மூன்று குறைகளையும் உள்ளத்தில் எழுதி வைத்துக்கொண்டார். அவற்றைத் தீர்க்க அவருக்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

1925-இல் அரசினரின் உதவிபெற்று அவர் இலண்டன் சென்று, செல்ஸி மகளிர் ஆஸ்பத்திரியில் பெண்கள், குழந்தைகள் நோய்களிற் பயிற்சி பெற்றார். அங்கிருந்த புற்றுநோய் ஆஸ்பத்திரியையும் கண்டார். தம் நாட்டில் சாவென்றே எண்ணிக் கைவிடப்பட்ட நோயாளர், அங்கு மருத்துவம் பெற்றுச் சிலரேனும் பிழைத்துச் செல்வதைப் பார்த்தபோது, அத்தகைய நிலையம் ஒன்று சென்னையிலும் வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றிற்று. 1926-இல் பாரிஸ் நகரில் கூடிய அகில உலக மகளிர் மாநாட்டில் இந்திய மகளிர் சார்பாக வீற்றிருந்தார்.

சட்டசபையில்

சென்னை மாகாணத்துப் பெண்கள் 1921-இல் வாக்குரிமை பெற்றனர். 1926-இல் சட்டசபையில் அமரும் உரிமையும் கிட்டிற்று. அடையாற்றில் 1917-இல் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால், அம்மையார் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பெற்றார். சபையோர் அவரை ஒருமனதாக உபதலைவராகத் தேர்ந்தனர். சட்டசபையொன்றின் உபதலைமையில் பெண் அமர்ந்தது உலகிலேயே அதுதான் முதன்முறை என்பர்.

பதவியை ஏற்குமுன் அவர் தயங்கினார். மருத்துவத் தொழிலுக்கு அஃது இடையூறாகுமோ என்பதே அத்தயக்கம். ஆனால் ஆஸ்பத்திரியில் அவர் கண்ட நோய்களுட் பல, மருந்தால் மட்டும் தீர்வன அல்ல. பன்னிரண்டு வயதுச் சிறுமி பிரசவ வேதனையுற்று வந்தால், அவளுக்குற்ற நோய் பால்ய விவாகமே. மருத்துவர் அவளை ஒருமுறை காக்கலாம். சட்டமே அவளைப்போல்வார் அனைவரையும் காக்கும். இதனை உணர்ந்தே அவர் சட்டசபையையும் ஒரு மருத்துவசாலையாகக் கருதிப் புகுந்தார்.

அங்கு அவர் கொணர்ந்த தீர்மானங்கள் இக்கருத்தையே காட்டும். பள்ளிப் பிள்ளைகளை மருத்துவர் முறையாகப் பரிசோதித்தல் வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும். பெண்ணின் மணவயது உயர்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. 1929-இல் நிறைவேறிய சாரதா சட்டத்திற்கு, அஃதாவது பெண்ணுக்குப் பதினான்கும் ஆணுக்குப் பதினெட்டும் குறைந்த மணவயது என விதித்த சட்டத்திற்கு, அவர் முழு ஆதரவு தந்தார். பெண்களை விலைப்பொருளாக்கும் இழிதொழிலை ஒடுக்கும் 1930-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்திற்கும் உழைத்தார். கல்வியை ஆராய அமைந்த ஹார்ட்டாக் குழுவில் அங்கம் வகித்து, நாட்டின் பல பகுதிகளையும் சுற்றிப் பெண்கல்வியின் நிலையைக் கண்டார்.

பொட்டறுத்தல்

அம்மையார் சட்டசபையில் ஆற்றிய பணிகளுள் தலையாயது, பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் செய்த போராட்டம். தம் தாயார் பிறந்த குடியின் புண்ணை அவர் உலகறியத் திறந்து காட்டினார். தம் பிறப்பை மறைத்து வாழ்ந்திருக்கலாம். பதவியும் கல்வியும் அம்மறைவிற்கு இடந்தந்திருக்கும். அவர் அதனை விரும்பவில்லை.

1927-இல் அவர் தீர்மானம் கொணர்ந்தார். வழக்கத்தின் வேர் எங்கே உள்ளது என்பதை அவர் நன்கறிந்திருந்தார். கோயிற்பணி செய்யும் மகளிர்க்கு மானிய நிலங்கள் இருந்தன. பணி செய்தால்தான் நிலம்; குடும்பத்தில் ஒரு பெண் பொட்டுக் கட்டிக்கொண்டால்தான் பணி. நிலம் போய்விடுமே என்ற அச்சத்தால், விரும்பாத தாயும் மகளைப் பொட்டுக் கட்டினாள். 1929-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் நிலத்தையும் பணியையும் பிரித்தது. பணி செய்யாவிடினும் நிலம் அவர்களிடமே நிற்க வழிசெய்தது. பெண்களைத் தண்டியாமல், பெண்களைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்த சட்டம் அது.

எதிர்ப்பு பல திசையினின்றும் வந்தது. சமயத்திலும் மரபிலும் அரசு தலையிடலாகாது என்று சட்டசபையிற் சத்தியமூர்த்தி போன்றார் வாதித்தனர். தேவதாசி மகளிருள்ளும் பலர் சங்கம் கூடி எதிர்த்து விண்ணப்பித்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரும் இசைவாணியரும் அவருள் இருந்தனர். தாங்கள் கல்வியும் கலையும் சொத்துரிமையும் உடையோர் என்றும், அனைவரையும் ஒருங்கே இழித்துரைப்பது நீதியன்று என்றும் அவர்கள் கூறினர். அவர் கூற்றில் உண்மை இல்லை என்று நாம் சொல்லோம். பரதக் கலையையும் இசையையும் தலைமுறை தலைமுறையாகக் காத்த கைகள் அவருடையனவே. வழக்கம் ஒழிந்தபோது பிழைப்பும் பெருமையும் இழந்து வருந்தியோரும் உளர். ஆயினும், அறியாப் பருவத்துச் சிறுமியின் கழுத்திற் பொட்டுக் கட்டும்போது, அவள் விருப்பத்தை எவரும் கேட்டிலர். அம்மையார் அச்சிறுமியின் பக்கம் நின்றார். கலையைக் காக்க வேறு வழி உண்டு. அவளைக் காக்க வேறு வழியில்லை என்பதே அவர் துணிபு.

பெரியார் ஈ.வெ.ராமசாமியும், அதே குடியிற் பிறந்து அத்துன்பத்தை நேரில் அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் சட்டசபைக்கு வெளியே நின்று இக்கருத்தை நாடெங்கும் பரப்பினர். 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அம்மையார் உபதலைமையைத் துறந்து சட்டசபையை விட்டு வெளியேறினார். ஆகவே பொட்டுக் கட்டுதலையே அறவே தடுக்கும் மசோதா அப்போது நிறைவேறாது நின்றது. அது சட்டமானது 1947-ஆம் ஆண்டில். பதினேழு ஆண்டுகள் கழிந்தும் அவர் அதனை மறந்திலர். தம் கண்ணாலேயே அதன் முடிவைக் காணும் பேறும் பெற்றார்.

ஔவை இல்லம்

சட்டம் கட்டை அறுக்கும். கட்டறுந்தவள் எங்கே போவாள்? இவ்வினாவிற்கு விடையாக எழுந்ததே ஔவை இல்லம். பொட்டுக்கட்டும் வழக்கத்தினின்றும் தப்பி வந்த பெண்கள் அம்மையாரை நாடி வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள நகரத்து விடுதிகள் மறுத்தன. சாதிக்கொரு விடுதி இருந்த காலம் அது, இவர்கள் எந்தச் சாதிக் கணக்கிலும் அடங்கார். ஆதலின் அம்மையார் அவர்களைத் தம் இல்லத்திலேயே வைத்துக் காத்தார். 1931-இல் ஔவை இல்லம் என்னும் பெயரால் அஃது ஒரு நிலையமாயிற்று. 1936-இல் அடையாற்றிற்கு மாறியது.

அங்குக் குலம் கேட்பாரில்லை. தந்தை பெயர் கேட்பாரில்லை. பெற்றோரற்ற பிள்ளைகளும், கைவிடப்பட்ட மகளிரும் வந்து சேர்ந்தனர். உணவும் உடையும் அளிப்பதோடு நில்லாது, எழுத்தும் தொழிலும் கற்பித்துத் தம் காலில் நிற்கச் செய்வதே அவ்வில்லத்தின் நோக்கம். ஆசிரியையராகவும் செவிலியராகவும் வெளிச்சென்றோர் பலர். தமிழ்மூதாட்டியின் பெயரை அவ்வில்லத்திற்குச் சூட்டியதும் பொருத்தமே. ஔவையும் வீடுதோறும் சென்று அறிவை வழங்கியவர் அல்லரோ?

புற்றுநோய் நிலையம்

தங்கையின் மரணத்தன்று உள்ளத்தில் எழுதிய எழுத்து இன்னும் அழியாதிருந்தது. 1935-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கலாசாலையின் நூற்றாண்டு விழாவில் அம்மையார் தம் எண்ணத்தை வெளியிட்டார். புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி ஒன்று அமைதல் வேண்டும் என்றார். கேட்டோர் பலர், முன்வந்தோர் சிலர். சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் 1934-இல் திறந்த பார்னார்டு கதிர்வீச்சு நிலையம் இருந்தமையால், வேறொன்று எதற்கு என்றனர் சிலர். புற்றுநோய் வந்தவர் எப்படியும் சாவர், சாகின்றவர்க்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று எண்ணிய அதிகாரிகளும் இருந்தனர். இந்த இரண்டாம் எண்ணமே மிகக் கொடியது. நோயை விட, நோய் தீராது என்ற முடிவே மிகுதியானோரைக் கொன்றது என்பது மிகையாகாது.

உலகப் போர் வந்தது, விடுதலையும் வந்தது. அம்மையாருக்கு அறுபது வயது கடந்தது. 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அம்மையார் செல்வர் இல்லங்களுக்கும் வறியோர் தெருக்களுக்கும் சென்று கையேந்தினார். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அடையாற்றில் சிறியதொரு கட்டடத்தில், பன்னிரண்டு படுக்கைகளுடன் நிலையம் திறக்கப்பட்டது. அன்று அம்மையாருக்கு அகவை அறுபத்தேழு. பலர் ஓய்வை நாடும் பருவத்தில், அவர் தம் பெருஞ்செயலைத் தொடங்கினார்.

நிலையத்து ஊழியர்

நிலையத்தைக் கண்டவர் அம்மையார். அதனை வளர்த்தவர் வேறு சிலர். இஃது அவர் புகழைக் குறைப்பதன்று. தமக்குப் பின்னும் நடக்கும் பணியைத் தொடங்கத் தெரிவதே பெரியோர் இயல்பு.

முதல்வர் அவர் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. மேலைநாட்டிற் புற்றுநோய் மருத்துவம் பயின்ற அவர், பெரும் பொருள் ஈட்டும் வாய்ப்பை விடுத்து அன்னையின் நிலையத்தில் அமர்ந்தார். 1955-இல் டாக்டர் வி. சாந்தா அம்மையார் வந்து சேர்ந்தார். அரசினர் ஆஸ்பத்திரியில் நிலையான உத்தியோகம் கிடைத்திருந்தும், அதனை ஏலாது, எதிர்காலம் இன்னதென்று தெரியாத இச்சிறு நிலையத்தை அவர் தேர்ந்தார். நிலையத்தின் வளாகத்திலேயே வாழ்ந்தார். மகசேசே விருது 2005-இல் அவரை நாடி வந்தது. கிருஷ்ணமூர்த்தியார் 2010-இலும், சாந்தா அம்மையார் தமது தொண்ணூற்று மூன்றாம் அகவையில் 2021-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாளும் மறைந்தனர்.

இவர்கள் நோயாளர் வரும்வரை காத்திருந்தாரல்லர். 1957-இல் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவியைக் கொணர்ந்தனர். 1960-இல் குழந்தைகளின் புற்றுநோய்க்கென்று நாட்டிலேயே முதன்முதலாகத் தனிப் பகுதி கண்டனர். இவற்றினும் நாம் வியப்பது வேறொன்று. 1961-இல் காஞ்சிபுரத்தை அடுத்த ஊர்களுக்குச் சென்று, நோய் முற்றுமுன் அதனைக் கண்டறிய முனைந்தனர். மருத்துவர் நோயாளரைத் தேடிச் செல்லும் புதுமுறை அது. சீதபேதி என்று எண்ணிக் காலம் கழித்ததால் இறந்த தங்கையின் நினைவு இங்கே செயலாக மலர்ந்தது எனலாம்.

1981-இல் சென்னை நகர்க்குரிய புற்றுநோய்ப் பதிவேடு இந்நிலையத்தின் பொறுப்பிலே தொடங்கிற்று. பதிவேடு என்பது எளிய சொல். அதன் உழைப்போ பெரிது. ஊழியர் ஆஸ்பத்திரிதோறும், ஆய்வுக்கூடந்தோறும், மரணப் பதிவு அலுவலகந்தோறும் சென்று, எவருக்கு எப்பகுதியில் நோய், எந்நாளிற் கண்டது, பின்னர் என்னாயிற்று என்று ஒவ்வொரு பெயராகக் குறித்து வருவர். ஒரே நோயாளர் ஈரிடத்து எண்ணப்படாமற் சரிபார்ப்பர். இக்கணக்கு இன்றேல், எந்நோய் பெருகுகிறது, எது குறைகிறது என்பதை ஒருவரும் அறியார். 2012 முதல் இப்பணி தமிழ்நாடு முழுவதற்கும் விரிந்தது. அம்மையார் பிறந்த புதுக்கோட்டை மாவட்டத்து நோயாளரும் இன்று அக்கணக்கில் இடம்பெறுகின்றனர்.

நம் கிறிஸ்தவ அன்பர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ மருத்துவ நிலையத்தார், பிறநாட்டு ஆய்வாளரோடும் அடையாற்று நிலையத்தாரோடும் கூடி, கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிய ஆய்வொன்றை 2000-ஆம் ஆண்டில் தொடங்கினர். அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணாற் பார்த்தே நோய்க்குறியை அறியும் எளிய முறை அது. பயிற்சி பெற்ற செவிலியரே சிற்றூர்களிற் செய்யத்தக்கது. ஏழாண்டுக் காலத்தில், இம்முறை கையாளப்பட்ட ஊர்களில் நோய் நூற்றுக்கு 25 பங்கும், மரணம் 35 பங்கும் குறைந்தன என்பது 2007-இல் வெளியான முடிவு. விலையுயர்ந்த கருவி இல்லாத சிற்றூர்த் தாயையும் காக்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இறுதி நாட்கள்

சென்னை நகரசபையில் ஆல்டர்மனாகவும், 1954 முதல் மாகாண சமூகநல ஆலோசனைக் குழுவின் தலைவராகவும் அம்மையார் பணியாற்றினார். 1956-இல் இந்திய அரசினர் பத்மபூஷண் விருது அளித்தனர். முதுமையிலும் ஔவை இல்லத்துப் பிள்ளைகளையும் நிலையத்து நோயாளரையும் அவர் மறந்திலர். 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், எண்பத்திரண்டாம் அகவை நிறைய எட்டு நாட்களே இருக்கையில், சென்னையில் உயிர் நீத்தார்.

1987 முதல் வறிய கருவுற்ற தாய்மார்க்குத் தமிழக அரசு அளித்துவரும் பேறுகால நிதியுதவி அவர் பெயரையே தாங்கியுள்ளது. 2018-இல் அத்தொகை 18,000 ரூபாயாக உயர்ந்தது. அவர் பிறந்த ஜூலை 30-ஆம் நாளை மருத்துவமனை நாளாகக் கொண்டாடவும் அரசு ஆணையிட்டது. 2017-இல் புதுக்கோட்டையில் அரசினர் மருத்துவக் கலாசாலை திறக்கப்பட்டது. மருத்துவம் பயில 1907-இல் ஊரைவிட்டுச் சென்னை செல்ல வேண்டியிருந்த பெண்ணின் ஊரில், இன்று பெண்மக்கள் தம் ஊரிலேயே அக்கலையைக் கற்கின்றனர்.

முடிவுரை

இவ்வம்மையாரின் வாழ்வில் நாம் காணும் உண்மை ஒன்று உண்டு. தமக்கு அடைக்கப்பட்ட கதவு திறந்தபின், அவர் உள்ளே சென்று அதனைத் தாழிட்டுக்கொண்டாரல்லர். பின்வருவோர்க்காகத் திறந்தே விட்டார். கலாசாலைக் கதவு, சட்டசபைக் கதவு, விடுதிக் கதவு, ஆஸ்பத்திரிக் கதவு ஆகிய அனைத்தும் அவ்வாறே. தமக்கு நேர்ந்த துன்பத்தைத் தம்மோடு முடித்துக்கொள்ளாது, அதே துன்பம் உறும் பிறரைத் தேடிச் சென்றார்.

கலாசாலைக் கல்வி முடிந்து வெளிச்செல்லும் நம்முள் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பட்டம் பெறுவோம். ஏதேனும் ஒரு பதவியை நாடுவோம். மருத்துவம் பயிலாத தமிழ் மாணாக்கராகிய எமக்கும் இவ்வாழ்வில் கற்க உண்டு. நோயின் பெயரைச் சிற்றூர்த் தாய்க்கு விளங்கும் தமிழிற் சொல்லவும், அவள் அச்சத்தைப் போக்கிக் காலத்தே மருத்துவரிடம் செலுத்தவும் வல்ல சொல் வேண்டும்; அச்சொல்லைத் தேடித் தருவது எம்மனோர் கடமையே. அடையாற்று நிலையத்தின் பதிவேட்டில் நாளையும் புதிய பெயர்கள் ஏறும். அவருட் பிழைப்போர் தொகை பெருகுமாறு, அவரவர் கைக்கு எட்டிய தொண்டைச் செய்ய ஆண்டவர் நமக்கு அருள்புரிவாராக.